ஜன்னலுக்கு வெளியே பார், தம்பி!

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 'பைலட் ஆகப் போறேன்' என்று ஒரு பிள்ளை கிளம்பியிருக்கிறதா? பையன்தான் என்றில்லை, பொண்ணுங்களும் நிறையக் கிளம்புகிறார்கள். சந்தோஷம். அப்பா பி.எஃப். பணத்தை எடுக்கிறார், அம்மா நகையைக் கழற்றிக் கொடுக்கிறார், வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போகிறது. அரைக் கோடியைச் சாதாரணமாகத் தாண்டுகிற செலவு இது.

அந்தப் பிள்ளை லீவுக்கு வீட்டுக்கு வரும்போது, சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'கண்ணா, தனியாப் பறந்துக்கிட்டிருக்கறப்ப உன் ஐபேட் அணைஞ்சு போச்சுன்னா, நீ எங்கே இருக்கேன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?'

பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். 'அதெல்லாம் அணையாதுப்பா.' இல்லாவிட்டால், 'போன்ல ஒரு ஆப் இருக்கு.' கொஞ்சம் விவரமான பிள்ளையாக இருந்தால், 'மேப்பா? அது எக்ஸாமுக்கு மட்டும்!'

இந்தச் சிரிப்போடுதான் இந்த வாரம் எனக்குச் சண்டை.

முதலில் எந்த விமானம் என்று சொல்லிவிடுகிறேன். நீங்களும் நானும் கோயம்புத்தூருக்கும் டெல்லிக்கும் போகிற பெரிய விமானம் இல்லை. அதில் ஜி.பி.எஸ். செத்தாலும், தன் அசைவைத் தானே கணக்குப் போட்டு இடம் சொல்கிற கருவி ஒன்றுக்கு மூன்றாக உட்கார்ந்திருக்கும். கீழே ரேடாரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். பைலட்டும் இரண்டு பேர். நான் சொல்வது செஸ்னா 152, 172 மாதிரி குட்டி விமானங்களை. இரண்டு சீட்டு, இல்லாவிட்டால் நாலு சீட்டு. ஒற்றை இன்ஜின். ஒரு காந்த காம்பஸ், ஒரு கடிகாரம், ஒரு ரேடியோ. தனியாகப் பறக்கும் பயிற்சியில் உள்ளே இருப்பது உங்கள் பிள்ளை மட்டும்தான். வழி தவறினால் பக்கத்து சீட்டில் கேட்க ஆள் கிடையாது. டீக்கடையில் வண்டியை நிறுத்தி விசாரிக்கவும் வழியில்லை.

மேப் வைத்துப் பறப்பது என்றால் என்ன? ஏதோ நெடுஞ்சாலை மேப்பை மடியில் விரித்துக்கொண்டு தேடுவது என்று நினைத்துவிடாதீர்கள். பாதி வேலை தரையிலேயே முடிந்துவிடும்.

நம்ம ஊரிலேயே ஒரு பயணம் போய்ப் பார்ப்போம். சேலம் விமான நிலையத்திலிருந்து புதுச்சேரி. ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த மேப் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர். பத்து லட்சத்துக்கு ஒன்று என்றால் பத்து கிலோமீட்டர். ஸ்கேலை வைத்து ஒரு பென்சில் கோடு. தூரம் ஏறக்குறைய 103 நாட்டிகல் மைல், அதாவது 190 கிலோமீட்டர். கோடு கிழக்கே போகிறது, ஒரு மயிரிழை வடக்கே சாய்ந்து. பாதையில் என்ன வருகிறது? முதல் பாதியில் கல்வராயன் மலை. அதன் உயரத்தைப் பார்த்து அதற்கு மேலே எவ்வளவு தள்ளிப் பறக்கணும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வலது பக்கம் கள்ளக்குறிச்சி. இடது பக்கம் திருக்கோவிலூர், தென்பெண்ணை. அதற்கப்புறம் விழுப்புரம். ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன், மேலிருந்து பார்த்தால் கை விரல் விரித்த மாதிரி. தமிழ்நாட்டில் வேறு எந்த ஊரோடும் அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. கடைசியில் கடல். கடலைத் தவறவிடுகிறவனைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

இப்போது காற்று. விமானம் மணிக்கு 90 நாட் போகிறது என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் 69 நிமிடத்தில் புதுச்சேரி. ஆடி மாசம் மேற்கிலிருந்து 20 நாட் காற்று முதுகில் தள்ளினால் 56 நிமிடம். 'அட, சீக்கிரம் வந்துட்டோமே' என்று சந்தோஷப்பட்டு, அதே காற்றில் திரும்பினால்? 88 நிமிடம். பெட்ரோல் கணக்கை வரும் வழியை வைத்துப் போட்டவன் கதை கல்வராயன் மலை மேல் முடியும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊர் இது.

அதே 20 நாட் காற்று தெற்கிலிருந்து பக்கவாட்டில் அடிக்கிறது, நம்ம தம்பி அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால்? மூக்கு புதுச்சேரியைப் பார்த்தே இருக்கும், வண்டி மட்டும் நண்டு மாதிரி வடக்கே நகரும். கடலைப் பார்க்கும்போது நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பான். மரக்காணத்தையும் தாண்டி. இன்னும் இருபது கிலோமீட்டர் வடக்கே போனால் கல்பாக்கம். அணுமின் நிலையத்துக்கு மேலே பறக்கத் தடை. அப்புறம் லைசென்ஸ் கனவு ஆபீஸ் ஆபீஸாக விளக்கக் கடிதம் எழுதுவதில் முடியும்.

இதைத் தடுக்கத்தான் மேப்காரர்கள் ஒரு சின்ன வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். அறுபதுக்கு ஒன்று. 60 மைல் போனபிறகு கோட்டிலிருந்து ஒரு மைல் விலகியிருந்தால், ஒரு டிகிரி தப்பு. 30 மைலில் இரண்டு மைல் விலகியிருந்தால் நாலு டிகிரி. கள்ளக்குறிச்சி எவ்வளவு தூரத்தில் தெரியணும், எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று ஒரு பார்வை. மனசுக்குள் ஒரு பெருக்கல். மூக்கைக் கொஞ்சம் திருப்பு. முடிந்தது. எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் இன்ஜின் இரைச்சலில், வியர்வையில், 3,000 அடி உயரத்தில் அந்தக் கணக்கைப் போடுகிற மூளைக்குத்தான் பைலட் என்று பெயர்.

இந்த வித்தையில் கெட்டிக்காரர்கள் எப்படி இருந்தார்கள் தெரியுமா? 1931. பிரான்சிஸ் சிச்செஸ்டர் என்ற ஆள், ஜிப்ஸி மாத் என்ற இரண்டு சீட்டு விமானத்தில் தனியாக, நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கடல் தாண்டினார். நடுவில் நார்ஃபோக் தீவில் இறங்கணும். எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் வெறும் தண்ணீருக்கு அப்புறம், எட்டே கிலோமீட்டர் நீளத்தில் ஒரு புள்ளி. அதை நோக்கி நேராகப் பறந்தால் என்ன ஆகும்? காற்று எந்தப் பக்கம் தள்ளியது என்று தெரியாது. தீவு கண்ணில் படவில்லையென்றால் இடது பக்கம் தேடுவதா, வலது பக்கமா? தப்பான பக்கம் தேடினால் பெட்ரோல் தீர்ந்து சாவு. மனுஷன் என்ன செய்தார்? வேண்டுமென்றே ஒரு பக்கமாக விலகிப் பறந்தார். விமானத்தை ஓட்டிக்கொண்டே செக்ஸ்டன்டில் சூரியனை அளந்தார். அளவு சொல்லவேண்டியதைச் சொன்னதும், 'தீவு எனக்கு இந்தப் பக்கம்தான் இருந்தாகணும்' என்று திருப்பினார். தீவு வந்தது. தப்பு தவிர்க்க முடியாதது என்றால் அதைத் தெரிந்த பக்கமாகச் செய் என்கிற அந்த உத்தி இன்றைக்கும் பாடத்தில் இருக்கிறது. எத்தனை பேருக்குக் கற்றுத்தருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்த வருஷம், 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜூஹுவுக்குத் தபால் மூட்டையோடு பஸ் மாத் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து அதை வாங்கி பெல்லாரி வழியாக நம்ம சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். வழிகாட்ட வானத்தில் ஒன்றும் கிடையாது. அமெரிக்காவிலும் அப்போது அதே கதைதான். எல்ரே ஜெப்பசன் என்ற தபால் பைலட் பத்து சென்ட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தான் இறங்கிய ஒவ்வொரு மைதானத்தின் சரிவு, மரம், தண்ணீர்த் தொட்டி உயரம், வானிலை கேட்க அந்த ஊர் விவசாயியின் போன் நம்பர் என்று எழுதிவைத்தார். மற்ற பைலட்டுகள் காப்பி கேட்டார்கள். 1934-ல் பத்து டாலருக்கு விற்க ஆரம்பித்தார். இன்றைக்கு உலகம் பூராவும் விமானிகள் பார்க்கிற ஜெப்பசன் சார்ட்டுகள் அந்த நோட்டின் பேரன் பேத்திகள்.

போதும். பழம்பெருமை பேசுகிற ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காகித பக்தர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு.

'அந்தக் காலத்துல நாங்க எல்லாம்...' என்று ஆரம்பிக்கும் பெரியவர்களிடம் 1972 செப்டம்பர் 24-ஐப் பற்றிக் கேளுங்கள். ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி. 8 ஜெட் பம்பாய் சான்டாகுரூஸுக்குப் பதிலாகப் பக்கத்திலிருக்கும் குட்டி ஜூஹு மைதானத்தில் இறங்கி, ஓடுபாதை போதாமல் வெளியே போய் நின்றது. உயிர்ப்பலி இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1953-லேயே ஒரு காமெட் ஜெட் அதே தப்பை அதே ஜூஹுவில் செய்திருந்தது. சார்ட் இருந்தது, அனுபவஸ்தர்கள் இருந்தார்கள், கண்ணும் இருந்தது. 1937-ல் அமீலியா இயர்ஹார்ட் ஹவ்லண்ட் தீவைத் தேடிக் காணாமல் போனபோது பக்கத்திலிருந்தவர் அந்தக் காலத்தின் தலைசிறந்த வழிகாட்டிகளில் ஒருவர். இன்றைக்கு ஒரு சாதாரண போன் இருந்திருந்தால் அந்தத் தீவு கிடைத்திருக்கும். ஜி.பி.எஸ். காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை, அதை மறுக்கிறவனோடு நான் ஒரே விமானத்தில் ஏற மாட்டேன். பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையமே சின்ன விமானக்காரர்களிடம், தடைசெய்த வான்பகுதிக்குள் புகுந்துவிடாமலிருக்க திரையில் நகரும் மேப்பைப் பயன்படுத்துங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. நல்ல யோசனை.

அப்புறம் என்னதான் பிரச்னை என்கிறீர்களா? ஜி.பி.எஸ். இருப்பது பிரச்னை இல்லை. அது ஒன்றுதான் இருக்கிறது என்பதுதான் பிரச்னை.

இது யாருடைய பொருள் என்று பாருங்கள். அமெரிக்க ராணுவம் தனக்காகச் செய்துகொண்டது. 1983 செப்டம்பர் 1-ம் தேதி வழி தவறி சோவியத் எல்லைக்குள் போன கொரிய ஜம்போவைச் சுட்டு வீழ்த்தி 269 பேர் செத்த பிறகுதான், தயாரானதும் உலகத்துக்கு இலவசமாகத் தருகிறோம் என்று ரீகன் அரசு அறிவித்தது. தந்தார்கள், ஆனால் வேண்டுமென்றே நூறு மீட்டர் வரை பிழை கலந்து. 2000-ம் ஆண்டு மே மாதம்தான் அந்தக் கலப்படம் நின்றது. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, ஏறக்குறைய ஒரு குண்டு பல்பு எரிகிற அளவு சக்தியில் அனுப்புகிற சமிக்ஞை. நம்ம கைக்கு வரும்போது அது சுற்றுப்புற ரேடியோ இரைச்சலுக்கும் கீழே ஒரு முணுமுணுப்பு. அதைக் கெடுக்க ஒரு நாட்டின் ராணுவம் தேவையில்லை.

ஒரு லாரி டிரைவர் போதும்! அமெரிக்காவில் நெவார்க் விமான நிலையத்தில் ஜி.பி.எஸ். வைத்து விமானங்களை இறக்கும் ஒரு புதிய சாதனத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். அது அவ்வப்போது கிறுக்குப் பிடித்த மாதிரி நின்றது. காரணம் புரியாமல் இன்ஜினீயர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் 2012-ல் ஒரு ஆள் சிக்கினார். கம்பெனி வண்டி ஓட்டுகிறவர். முதலாளி தன்னை வேவு பார்க்கக் கூடாது என்று, சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற மாதிரி ஒரு மலிவு ஜாமரை வாங்கி மாட்டியிருந்தார். விமான நிலையத்தை ஒட்டிப் போகும்போதெல்லாம் அதுவும் கூடவே போனது. 2013-ல் கிட்டத்தட்ட 32,000 டாலர் அபராதம் போட்டார்கள். மனுஷனுக்கு விமானத்தின் மேல் எந்தக் கோபமும் இல்லை, பாவம். முதலாளி மேலதான்.

இது அப்பாவி கேஸ். 2024 ஏப்ரல் கடைசியில் ஃபின்ஏர் நிறுவனம் எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்கு விமானம் விடுவதையே ஒரு மாதம் நிறுத்தியது. ரஷ்ய எல்லைப் பக்கம் ஜி.பி.எஸ். குழப்பம். அந்த விமான நிலையத்தில் இறங்க நம்பியிருந்த முறை ஜி.பி.எஸ். மட்டும். அது போனதும் ஊருக்கே விமானம் போச்சு.

'அதெல்லாம் ஐரோப்பா சார்' என்பவர்களுக்கு: 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை நம் எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கத்தில், 465 தடவை இப்படிக் குறுக்கீடு பதிவானதாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 2025 நவம்பரில் டெல்லியில் இறங்க வந்த சில விமானங்களுக்குப் பொய் ஜி.பி.எஸ். சமிக்ஞை வந்ததும் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்ட விஷயம்தான். குறுக்கீடு பதிவான மற்ற ஊர்களின் பட்டியலில் பெங்களூரு, ஹைதராபாத்தோடு சென்னையும் இருந்தது. படித்தீர்களா? பேப்பரில் உள்பக்கத்தில் வந்திருக்கும்.

பொய் சமிக்ஞை என்றேனே, அதை ஒரு நிமிடம் யோசியுங்கள். கருவி செத்துப்போனால் திரை இருட்டாகும், பிள்ளை உஷாராவான். பொய் சமிக்ஞை வந்தால் திரை பளிச்சென்றே இருக்கும். குட்டி விமானப் படம் ஜம்மென்று நகரும். எங்கேயோ இல்லாத இடத்தில். மேப்பில் தப்பு வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். விழுப்புரம் வரவேண்டிய நேரத்தில் வராது, வயிற்றில் ஒரு கலக்கம் வரும். அந்தக் கலக்கம்தான் பாதுகாப்பு. திரை அதைத் துடைத்து எடுத்துவிடுகிறது.

எதிரி நாடெல்லாம் வேண்டாம், வெயில் போதும். ஐபேடை 35 டிகிரி வரைக்கும் உபயோகிக்கலாம் என்கிறது அதைத் தயாரிக்கிற ஆப்பிள். மே மாசம் வேலூரிலோ சேலத்திலோ, கண்ணாடிக் கூண்டுக்குள், நேர் வெயிலில்? கொஞ்ச நேரத்தில் 'சூடாகிவிட்டேன், ஆறவிடு' என்று ஒரு அறிவிப்பு போட்டுவிட்டு அது ஓய்வெடுக்கப் போய்விடும். பேப்பர் மேப்புக்கு 45 டிகிரியும் ஒன்றுதான். விசிறிக்கொள்ளவும் ஆகும்.

சரி, கருவி நன்றாகவே வேலை செய்கிறது, பொய்யும் இல்லை. அப்போதாவது நிம்மதியா? 1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி நகரம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் இறங்கப் போகிறது. ரோஸோ என்ற வழிகாட்டும் நிலையத்துக்குப் போக, கம்ப்யூட்டரில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினார்கள். அந்தக் கம்ப்யூட்டரின் பட்டியலில் 'ஆர்' என்றால் பொகோட்டா பக்கத்திலிருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையம். விமானம் சொன்ன பேச்சைக் கேட்டு இடது பக்கம் திரும்பியது. மலை. 159 பேர். கருவியில் எந்தக் கோளாறும் இல்லை.

இன்னொன்று, 1989 செப்டம்பர் 3, பிரேசில். வாரிக் நிறுவனத்தின் 737, மராபாவிலிருந்து பெலெம் போகணும். ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம், திசை வடக்கும் கொஞ்சம் கிழக்கும். பயணத்தாளில் 0270 என்று அச்சாகியிருந்தது. 27.0 டிகிரி என்று படிக்க வேண்டும். 270 என்று படித்து அப்படியே திருகி வைத்தார்கள். 270 என்பது நேர் மேற்கு. சாயங்கால நேரம். வடக்கே போகவேண்டிய விமானத்துக்கு அஸ்தமன சூரியன் நேர் முன்னால்! இரண்டு பைலட்டுக்கும் உறைக்கவில்லை. எண்ணைப் பார்த்தார்கள், சூரியனைப் பார்க்கவில்லை. மணிக்கணக்கில் சுற்றிவிட்டு, எரிபொருள் தீர்ந்து, ராத்திரியில் அமேசான் காட்டுக்குள் இறங்கியது. 54 பேரில் பலர் பிழைத்தது மரங்களின் புண்ணியம். ஒரு பென்சில் கோடு மடியில் இருந்திருந்தால் 'ஏம்பா, சூரியன் இந்தப் பக்கமா இருக்கணும்?' என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

ஜி.பி.எஸ். வந்தபிறகு இதெல்லாம் நடக்காது என்பீர்கள். 2013 நவம்பரில் கன்சாஸில் ஒரு ராட்சச போயிங் 747 சரக்கு விமானம், இறங்கவேண்டிய ராணுவ தளத்தை விட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கும் குட்டி ஜபாரா விமான நிலையத்தில் இறங்கியது. இறங்கிய பிறகும் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குச் சட்டென்று விளங்கவில்லை. இரண்டே மாதத்தில், 2014 ஜனவரியில், சவுத்வெஸ்ட் 737 ஒன்று பிரான்சன் என்று நினைத்து வேறொரு ஓடுபாதையில் இறங்கி, முனைக்கு மிக அருகில் போய் நின்றது. இரண்டிலும் ஜி.பி.எஸ். இருந்தது. ஜூஹுவுக்கும் ஜபாராவுக்கும் நாற்பது வருஷம் இடைவெளி, அவ்வளவுதான்.

இரண்டு பைலட், ரேடார், இத்தனை கருவி இருக்கிற பெரிய விமானத்துக்கே இந்தக் கதி. தனியாகப் போகிற தம்பிக்கு?

அவன் கையில் 'நேராகப் போ' என்று ஒரு பட்டன் இருக்கிறது. தட்டினால் இருக்கிற இடத்திலிருந்து போகிற இடத்துக்கு ஒரு கத்தரிப்பூ நிறக் கோடு விழும். அந்தக் கோட்டுக்குக் கீழே மலையா, தடைசெய்த பகுதியா என்பதைத் திரை காட்டத்தான் காட்டும், பார்க்கத் தெரிந்தவனுக்கு. தெரியாதவன் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போவான். வாரன் வாண்டர்பர்க் என்ற அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கேப்டன் 1997-லேயே தன் பைலட்டுகளுக்கு ஒரு வகுப்பு எடுத்தார். அந்தக் கோட்டுக்கு அடிமையானவர்களை, அதன் நிறத்தை வைத்து 'மெஜன்டா குழந்தைகள்' என்றார். குழந்தைகள் இப்போது வளர்ந்து இன்ஸ்ட்ரக்டர்கள் ஆகிவிட்டார்கள்.

ஜி.பி.எஸ்ஸின் சொந்தக்காரன் என்ன செய்கிறான் தெரியுமா? அமெரிக்காவில் தனியார் பைலட் லைசென்ஸ் பரீட்சையில், கருவி வைத்து வழி கண்டுபிடிப்பது ஒரு பிரிவு. தரையைப் பார்த்தும் கடிகாரத்தைப் பார்த்தும் வழி கண்டுபிடிப்பது தனிப் பிரிவு. வழி தவறினால் என்ன செய்வாய் என்பது இன்னொரு தனிப் பிரிவு. எல்லாவற்றிலும் தேறணும். அவர்கள் கடற்படை அகாடமி, நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டும் பாடத்தை 'இனி எதுக்கு' என்று ஒருகாலத்தில் தூக்கிப் போட்டது. 2015-ல் தூசு தட்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள். செய்தவனே நம்பாத பொருளை நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம்.

நம்ம ஊரிலும் விதி இல்லாமல் இல்லை. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம். அதில் தானே பொறுப்பாக ஓட்டி, 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல் ஒரு நீண்ட பயணம், நடுவில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நிற்கணும். நேவிகேஷன் பரீட்சையில் 70 மார்க். எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பரீட்சைக்குப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்? பழைய கேள்விக் கொத்தை உருப்போட்டு. காற்று முக்கோணத்தை வட்ட ஸ்லைடு ரூலில் போடத் தெரியும், ஆப்ஷன் 'சி' என்று டிக் அடிக்கத் தெரியும். பறக்கும்போது அந்த ஸ்லைடு ரூல் ஹாஸ்டல் பெட்டிக்குள். 300 மைல் பயணமா? கத்தரிப்பூக் கோடு.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். 'சார், இவங்க எல்லாம் நாளைக்கு ஏர்பஸ் ஓட்டப் போறவங்க. அங்கே யாரு ஸ்கேலும் பென்சிலும் வெச்சுக்கிட்டிருக்கா?' ஏர்பஸ் ஓட்டுகிறவரிடமே கேளுங்கள். 30,000 அடியிலிருந்து இறங்க எத்தனை மைலுக்கு முன்னால் ஆரம்பிக்கணும் என்றால் 'முப்பதை மூணால பெருக்கு, தொண்ணூறு' என்பார். கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன்னால் மனசு சொல்லும். மூன்று டிகிரி சரிவு, 60 மைலுக்கு மூன்று மைல். அது வேறெதுவும் இல்லை, கள்ளக்குறிச்சி மேல் போட்ட அதே அறுபதுக்கு ஒன்றுதான், பக்கவாட்டில் போட்டதை மேல்கீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கை முதல் தடவை ஏர்பஸ்ஸில் 180 பேரை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளட்டும் என்கிறீர்களா?

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஜி.பி.எஸ்ஸையும் தரையிலேயே உட்காரவைத்து ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள். அதன் வான்பகுதித் தகவல்களை 28 நாளுக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும் என்பது முதற்கொண்டு. காகித பக்தர்கள் 'தொடாதே' என்று மிரட்டுவதால்தான் பிள்ளைகள் அதைத் திருட்டுத்தனமாக, பறக்கும்போது, பட்டன் பட்டனாக அமுக்கிக் கற்றுக்கொள்கிறார்கள். அது அதைவிட ஆபத்து. அதே சமயம் அந்த 300 மைல் பயணத்துக்கு முன்னால் ஒரு நாள், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, திரையை மூடி, மேப்போடு மட்டும் பறக்கவிடுங்கள். பாதி வழியில் 'புதுச்சேரியில மழை, நெய்வேலிக்குத் திருப்பு' என்று சொல்லுங்கள். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எவ்வளவு பெட்ரோல் என்று பென்சில் முனையில் பதில் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் தனியாக அனுப்பாதீர்கள். இதைச் செய்ய அரசாணை வேண்டாம், பட்ஜெட் வேண்டாம்.

பணம் கட்டுகிற பெற்றோரே, நீங்களும் ஃப்ளையிங் ஸ்கூலில் ஃபீஸ் ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். 'என் பிள்ளை எத்தனை மணி நேரம் திரை இல்லாம வழி கண்டுபிடிச்சுப் பறந்திருக்கு? லாக் புக்கில எங்கே எழுதியிருக்கு?' என்று கேளுங்கள். ரிசப்ஷனில் இருக்கிறவர் விழிப்பார். சீஃப் இன்ஸ்ட்ரக்டரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 'திரையை மூடறதுக்கு எங்ககிட்ட ஏற்பாடு இல்லையே' என்று அவர் சொன்னால், வீட்டிலிருந்து ஒரு துண்டு கொடுத்தனுப்புங்கள். வெள்ளைத் துண்டு மட்டும் வேண்டாம், அந்த வெயிலில் கண் கூசும்.